முறுக்குக்கு எதுகை தேடிய கதை

என் அப்பத்தா ரயிலேறினால் மடியில் ஒரு மஞ்சப்பை இருக்கும். திருச்சியில் ஏறி திருநெல்வேலியில் இறங்கும் வரை அந்தப் பை மடியை விட்டு இறங்காது. உள்ளே புளியோதரைப் பொட்டலம், தேங்காய்த் துவையல், நறுக்கி வைத்த இலைத் துண்டுகள். அது போதாதென்று வழியில் ஜன்னலோரம் வருவதையும் வாங்குவார். மணப்பாறையில் முறுக்கு, சாத்தூரில் சேவு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய். "இந்தத் தண்டவாளத்தை யாரோ சாப்பாட்டு ராமன்தான் போட்டிருக்கணும்" என்பார். ஊரின் பெயரை நான் பலகையில் படித்துத் தெரிந்துகொள்ளும் முன்பே வாசனையில் தெரிந்துகொண்டேன்.

மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயது வரை இருபது பேர் போல வருவார்கள். சாப்பாடு வரும் பக்கம் எதுவானாலும் அங்கே சத்தம் கூடும். அதைப் பார்த்துத்தான் அப்பத்தாவின் ரயிலைப் பாட்டும் படமுமாக ஒரு புத்தகம் ஆக்கலாம் என்று தோன்றியது. ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தேன். இரண்டு வருஷம் ஆனது. வழியில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன், இதே ஆசை உள்ள வேறு யாருக்காவது உதவும்.

முதல் பிரதியில் பையனுக்கு குண்டுமணி என்று பெயர் வைத்திருந்தேன். ஊருக்கு ஊர் தின்பான், பக்கத்துக்குப் பக்கம் பெருப்பான், கடைசியில் ரயில் கதவில் மாட்டிக்கொள்வான். இதுதான் என் வேடிக்கை. ஒரு சனிக்கிழமை அதை வாசித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே சிரிப்பு வந்தது. மூன்றாம் பக்கத்தில் சிரித்தவர்கள் புத்தகத்தைப் பார்க்கவில்லை, பின்வரிசையில் இருந்த ஒரு பையனைப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்சம் பூசினாற்போல் இருப்பான், நான்காம் வகுப்பு. எப்போதும் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கதை கேட்பவன். அன்றைக்கு மெதுவாக மூடியை அழுத்தினான். இரண்டு பக்கக் கொக்கியையும் போட்டான். டப்பாவைப் பைக்குள் தள்ளிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அந்தக் கொக்கிச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

வீட்டுக்கு வந்து பிரதியை எடுத்து உள்ளே வைத்தேன். மூன்று மாதம் தொடவில்லை.

திரும்ப எடுக்க வைத்தது குண்டோதரன் கதை. மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழா வந்தால் ஏதாவது ஒரு வீட்டில் யாராவது பெரியவர் சொல்லிக்கொண்டிருப்பார். மீனாட்சி கல்யாணத்தில் சமைத்த சாப்பாடு மலை மலையாக மிஞ்சிவிட்டது, வந்தவர்களெல்லாம் சாப்பிட்டும் தீரவில்லை என்று பெண் வீட்டில் சொல்கிறார்கள். சொக்கர் தன் பூதகணத்தில் ஒருவனைக் காட்டி, இவனுக்கு மட்டும் போடுங்கள் என்கிறார். அவன் சோற்று மலையை முடிக்கிறான், சமைக்காத அரிசியையும் முடிக்கிறான், இன்னும் பசி என்கிறான். தயிர்சோற்றுக் குழிகள் வருகின்றன, அதுவும் தீர்கிறது. பிறகு தாகம். கிணறு குளமெல்லாம் வற்றிய பிறகு, இங்கே கை வை என்கிறார் சொக்கர். வைத்த கையில் ஓடி வந்ததுதான் வைகை.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது இரண்டு படலமாக வருகிறது. நான் அப்பத்தா வாயால்தான் முதலில் கேட்டேன். கேட்கும்போது விழுந்து விழுந்து சிரிப்போம். எதற்குச் சிரித்தோம் என்று இத்தனை வருஷம் கழித்து யோசித்தேன். குண்டோதரன் என்ற பெயரே பானை வயிற்றைத்தான் சொல்கிறது. ஆனால் அப்பத்தா கதையில் ஒரு இடத்திலும் அவன் வயிறு கேலிக்கு வராது. "மிஞ்சிப் போச்சே" என்று பெருமைப்பட்ட கல்யாண வீட்டின் முகம் போகிற போக்குக்குத்தான் சிரிப்பு. அவன் பசி பெரியது, அவ்வளவுதான். அந்தப் பசிக்கு ஒரு ஆறே கிடைத்தது.

அன்றைக்கே குண்டுமணியை எடுத்துவிட்டேன். பையனுக்குப் பெயரே வேண்டாம், அவன் பேராண்டி. உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படத்தில் முதல் பக்கத்தில் எப்படி இருக்கிறானோ அதே மாதிரி கடைசிப் பக்கத்திலும் இருப்பான். மாறுவது பை. அது பக்கத்துக்குப் பக்கம் இளைக்கும். சாப்பாட்டைப் பற்றி வேடிக்கையாக எழுதப் போகிறவர்கள் எழுதியதை எடுத்து வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதை வாசிக்கும்போது பிள்ளைகள் யாரையாவது திரும்பிப் பார்ப்பார்களா? பார்ப்பார்கள் என்றால் அந்த வரி எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும் போக வேண்டியதுதான்.

அடுத்து பாட்டு. இங்கேதான் அதிக நாள் போனது, எனக்கு அதிக சந்தோஷமும் இங்கேதான்.

முதலில் எழுதியது இப்படி:

பேராண்டி முறுக்கை எடுத்தான்
பொட்டலத்தைப் பிரித்தான்
ஒவ்வொன்றாய்க் கடித்தான்
ஒன்பதையும் முடித்தான்

வரிகளின் கடைசி ஒத்துப் போகிறது. ஆனால் வாசித்தால் காதில் ஒன்றும் நிற்கவில்லை. ஏன் என்று பிடிபட நாளானது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். அதன் வாலில் ஆன், ஆள், ஆர், அது என்று ஏதாவது ஒன்று ஒட்டும். அதனால் கடைசி ஒலி ஒத்துப்போவது, அதாவது இயைபு, நமக்குச் சும்மாவே கிடைத்துவிடுகிறது. சும்மா கிடைப்பதைக் கேட்டு காது ஆச்சரியப்படுவதில்லை. நம் காது காத்திருப்பது வரியின் தொடக்கத்தில். ஔவையார் பிள்ளையாருக்குச் சமர்ப்பிக்கும் சாப்பாட்டுப் பட்டியலை நினைத்துப் பாருங்கள். முதல் வரி "பாலும்" என்று தொடங்குகிறது, அடுத்த வரி "நாலும்" என்று தொடங்குகிறது. இரண்டாம் எழுத்து ஒன்றிய அந்த இடம்தான் எதுகை. முதல் எழுத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: ஒன்று குறில் என்றால் மற்றதும் குறில், ஒன்று நெடில் என்றால் மற்றதும் நெடில். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்குப் படித்ததை நாற்பது வயதில் முறுக்குக்காகத் திரும்பப் படித்தேன்.

ஒரு நோட்டில் முறுக்கு என்று எழுதி அதன் கீழே வரிசையாக எழுதினேன். நொறுக்கு, இறுக்கு, பொறுக்கு, குறுக்கு, சறுக்கு. ரயிலும் பையும் கையும் தானாக உள்ளே வந்தன:

முறுக்கு முறுக்கு மணப்பாறை முறுக்கு
நொறுக்கு நொறுக்கு பல்லாலே நொறுக்கு
இறுக்கிப் பிடித்தாள் அப்பத்தா பையை
குறுக்கே விட்டான் பேராண்டி கையை

இதை வாசித்த சனிக்கிழமை, இரண்டாம் தடவையிலேயே பிள்ளைகள் கூடச் சேர்ந்து சொன்னார்கள். புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார்கள். அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. பாட்டு எழுத உட்காருவதற்கு முன்னால் பலகாரத்தின் பெயரை எழுதி, அதற்கு எத்தனை எதுகை கிடைக்கிறது என்று பார்த்துவிடுவேன். மூன்றுக்குக் குறைந்தால் அந்தப் பலகாரத்துக்குப் பாட்டில் முதல் இடம் கிடையாது, நடுவில் எங்காவது வரும்.

எங்கள் பக்கத்து வாய்க்கு ஒரு எச்சரிக்கை. பழத்தைப் பளம் என்றுதான் பலரும் சொல்கிறோம். ஒரு பக்கத்தில் பழம், குளம் என்று எதுகை வைத்துவிட்டேன், வாய்க்கு ஒத்துப் போனது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு ஆறு வயதுப் பெண், "ரெண்டும் வேற வேற எழுத்தா இருக்கே டீச்சர்" என்று விரல் வைத்துக் காட்டினாள். நான் டீச்சர் கிடையாது, ஆனால் அவள் சொன்னது சரி. இப்போதுதான் ழகரமும் ளகரமும் பிரித்துப் பழகும் பிள்ளைக்கு நம் புத்தகமே குழப்பம் தரக் கூடாது. அந்தப் பக்கத்தையே மாற்றி எழுதினேன்.

சாத்தூர் சேவுப் பக்கத்தில் இன்னொரு பாடம் கிடைத்தது. மூன்று வரி எழுதி மாட்டிக்கொண்டு நின்றபோது, காரம் தின்றால் என்னென்ன ஆகும் என்று பிள்ளைகளிடமே கேட்டேன். மூக்கு ஒழுகும் என்று ஒரே குரலில் வந்தது. பெரியவர்களுக்கு அது தோன்றவே தோன்றாது.

சாத்தூர் சேவு நாக்கிலே சுறுசுறு
காத்து வாங்குது வாய்க்குள்ளே விறுவிறு
ஊத்துப் போல மூக்கிலே ஜலஜல
ஏத்து தண்ணியைத் தொண்டையில் கலகல

நாலாவது வரி எனக்குப் பிடித்திருந்தது, ஜலஜலவுக்கு கலகல கச்சிதமாக உட்கார்ந்ததே என்று. நூலகத்துக்குப் பேப்பர் படிக்க வரும் ஒரு தாத்தா கேட்டுவிட்டு, "கலகலன்னா சிரிக்கிறதும்மா. தண்ணி மடமடன்னுதான் இறங்கும்" என்றார். இரட்டைக்கிளவி விஷயத்தில் தமிழ்க் காது கறாரானது. மடமட என்று மாற்றினேன். இயைபு போனது, எதுகை இருக்கிறது. இன்றைக்கு வரை அந்த இடத்தில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பது போலத் தலையைப் பின்னால் சாய்க்கிறார்கள். கலகல இருந்திருந்தால் சாய்த்திருக்க மாட்டார்கள்.

எழுதியதை எழுதியவரே வாசித்துச் சரிபார்ப்பது போதாது. என் பாட்டை நான் வாசித்தால் தட்டுகிற இடத்தில் என் நாக்கு தானே ஒரு மாத்திரை அளவு ஒலியைக் கூட்டிக் குறைத்துச் சமாளித்துவிடும். முன்பின் பார்க்காத ஒருவரிடம் தாளைக் கொடுத்து சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு, பென்சிலோடு பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே ஒரு கோடு. பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு அப்பா, திண்டுக்கல் பக்கத்தில் "திணித்துவைத்த பொட்டலம்" என்ற இடத்தில் மூன்று முறை தடுக்கினார். பக்கத்து இருக்கைக்காரர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கும் இடம் அது. "திண்டுக்கல் வந்தது, திறந்தது பொட்டலம்" என்று ஆனபின் ஓடியது. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் வாசிக்கும் அப்பா அம்மாவுக்காகத்தான் இந்தப் புத்தகங்கள், அவர்கள் வாயில் ஓட வேண்டும்.

அப்பத்தா என்று போட்டதற்கு, எல்லா ஊருக்கும் புரிகிற மாதிரி பாட்டி என்று போடலாமே என்று சிலர் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தேன். திருநெல்வேலியில் வாசிப்பவர்கள் ஆச்சி என்று மாற்றிக்கொள்வார்கள், கோயம்புத்தூர்ப் பக்கம் ஆத்தா என்று வரும். மாற்றிக்கொள்ளட்டும், அதுவும் ஒரு விளையாட்டுத்தான். எனக்கு மஞ்சப்பையோடு வந்தவர் அப்பத்தாதான்.

எதை விடுவது என்பதும் கஷ்டமாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா எனக்கு உயிர், ஆனால் அது விருதுநகரில் பிரிந்து தென்காசிப் பக்கம் போகும் பாதை. பழனி பஞ்சாமிர்தத்துக்கு திண்டுக்கல்லில் பிரிய வேண்டும். ரயில் நேராக திருநெல்வேலி போகிறது என்றால் நேராகத்தான் போக வேண்டும், பிள்ளைகள் வரைபடத்தில் விரல் வைத்துப் பார்ப்பார்கள். மதுரையில் ஜிகர்தண்டாவுக்காக ஒரு சித்தப்பாவை உருவாக்கினேன். தூக்குவாளியோடு நடைமேடையில் ஓடி வருவார். புவிசார் குறியீடு, அதாவது இந்தப் பொருள் இந்த ஊருக்கே உரியது என்ற அரசுப் பதிவு, கிடைத்த விவரங்களை, கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020, மணப்பாறை முறுக்குக்கு 2023 என்று முதலில் பாட்டுக்குக் கீழேயே போட்டிருந்தேன். அது பாட்டை நிறுத்திவிட்டது. பின்னட்டையில் ஒரு சின்ன வரைபடம் போட்டு அதற்குள் கொண்டுபோனேன், பெரியவர்கள் அங்கே படித்துக்கொள்ளலாம்.

பக்கக் கணக்கு முக்கியம். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். நான் 24 எடுத்தேன். முதல் பக்கம் தலைப்புக்கு, கடைசிப் பக்கம் பதிப்பு விவரத்துக்கு. நடுவில் எதிரெதிராக விரியும் ஜோடிகள் 11. இது தெரியாமல் 14 பாட்டு எழுதி வைத்திருந்தேன், மூன்றை எடுக்க வேண்டியதாயிற்று. எழுதத் தொடங்கும் முன் வெறும் தாளை மடித்துத் தைத்து ஒரு மாதிரிப் புத்தகம் செய்துவிடுங்கள். பக்கம் திரும்பும் இடம் எங்கே என்று அதில்தான் தெரியும்.

அந்தத் திருப்பம்தான் படக்கதையின் வேடிக்கை முழுக்கவும் இருக்கும் இடம். "குறுக்கே விட்டான் பேராண்டி கையை" என்று வலப்பக்கம் முடிகிறது. என்ன எடுத்தான் என்று பாட்டில் இல்லை. முதலில் எழுதியிருந்தேன். படம் வரைந்த கல்லூரிப் பெண் அந்த வரிகளை அடித்துவிட்டு, "அக்கா, இதை நான் பார்த்துக்கிறேன்" என்றாள். திருப்பினால் வார்த்தையே இல்லாமல் ஒரு படம்: பேராண்டி கையில் அப்பத்தாவின் மூக்குக்கண்ணாடி, கண்ணாடியில் எண்ணெய் விரல் ரேகை. படம் சொல்வதைப் பாட்டும் சொன்னால் இரண்டுக்கும் வேலை இல்லாமல் போகிறது. வரைபவரிடம் பிரதியைக் கொடுக்கும்போதே, எந்த வரியை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

அவளிடம் நான் திருத்தச் சொன்னது ஒரே இடம். கடைசியில் அத்தை வீட்டில் இலை போடும் படத்தில் நுனி சாப்பிடுபவரின் வலக்கைப் பக்கம் இருந்தது. என் அம்மா பார்த்ததுமே, "நுனி இடது கைப் பக்கம்ல வரணும்" என்றார். இலையைத் தப்பாகப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் நம் ஊர்ப் பெரியவர்கள் வேறு எதையும் பார்க்க மாட்டார்கள்.

அச்சகத்திலிருந்து முதல் மாதிரி வந்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது. "நொறுக்கு" என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வைத்த வட்டம். கொம்பும் காலும் வரும் எழுத்துகள் எல்லாமே அப்படித்தான் சிதறியிருந்தன. பக்கம் அமைத்தவர் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஆங்கிலத்துக்கான அமைப்பிலேயே தமிழைக் கொட்டியிருந்தார். பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தால்தான் யுனிகோட் தமிழ் ஒழுங்காகச் சேரும். அதைச் சொல்லி மாற்றிய பிறகு சரியாயிற்று. திரையில் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். தாளில் வாங்கி, கொ, கோ, கௌ வரும் ஒவ்வொரு இடத்தையும் விரல் வைத்துப் பாருங்கள். ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண், அதற்கு யாரும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் இலவசமாகவே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரத்துக்கு விடாமல் முன்பே போட்டுவிடுங்கள்.

திருநெல்வேலி அல்வாவுக்கு வந்தபோது எனக்குக் கை பழகியிருந்தது, ஒரே சாயங்காலத்தில் முடிந்தது:

நெல்லை அல்வா நெய்யிலே வழுக்கும்
பல்லே முளைக்காப் பாப்பாவும் சிரிக்கும்
மெல்ல வேண்டாம் வாயிலே கரையும்
சொல்லும் போதே நாவிலே நிறையும்

முடிவுதான் வரவில்லை. ஒரு நாள் ராத்திரி அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே முடிவாகிவிட்டது.

பையைத் தட்டினோம் பருக்கையும் இல்லை
கையைக் கழுவினோம் களைப்பும் இல்லை

அத்தை கதவைத் திறக்கிறாள். "வாங்க வாங்க, சாப்பிட்டாச்சா?" வலப்பக்கம் அங்கே முடியும். திருப்பினால் பேராண்டி முகம் பக்கம் முழுக்க, இரண்டே சொல்: "இன்னும் இல்லையே!"

புத்தகம் கைக்கு வந்த சனிக்கிழமை நூலகத்தில் வாசித்தேன். டிபன் டப்பாப் பையன் ஐந்தாம் வகுப்புக்குப் போயிருந்தான். அன்றும் பின்வரிசைதான். முறுக்குப் பாட்டில் வாய் அசைந்தது. அத்தை கேள்வி கேட்டதும் நான் பக்கத்தைத் திருப்பாமல் நிறுத்தினேன், யாராவது சொல்லட்டும் என்று. ஒரு நொடி அமைதி.

"இன்னும் இல்லையே!" என்று பின்னாலிருந்து வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவன்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தான். மடியில் டப்பா திறந்திருந்தது. கிளம்பும்போது என்னிடம் வந்து, "அந்த மணப்பாறை ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.